செய்முறை டீச்சரும் ஆய்வாளரின் மீசையும்

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். என் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் இதுவரை எவளுக்கும் வரவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். விடுதியின் கீழ்த்தளத்தில் நின்று "குழாயை மூடுங்கடி!" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் மேல்மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவளின் கை தானாகக் குழாய்க்குப் போகும். பெற்ற தொண்டை அப்படி. விடுதி வார்டனுக்குச் சம்பளமே தொண்டைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள் நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் கணக்கு டீச்சர் விஷயத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் போனதற்கு இந்தத் தொண்டைதான் காரணம்.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் செய்முறை. விடை மட்டும் எழுதி நீட்டினால் விடை சரியாகவே இருந்தாலும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அடித்துவிடுவார். "செய்முறை எங்கே? இந்த விடைக்கு நீ எந்த வழியா வந்தே? வானத்துல இருந்து விழுந்ததா?" என்பார். யாரும் தப்பிக்க முடியாது. தப்பான விடைக்குப் போனவள்கூட வழியை ஒளிக்காமல் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் உண்டு. "நேர்மையா வழி தவறியிருக்கா" என்று சிரிப்பார். நான் படித்த காலத்தில் எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் பிரம்பைத் தவிர வேறு செய்முறை அறியாதவர். அதனால் இந்த அம்மாவின் வகுப்பு வாசலில் வேலை மெனக்கெட்டு நின்று கேட்பேன்.

டீச்சருக்குக் குடும்பம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. தம்பி ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார், விடுமுறைக்கு விடுமுறை கூப்பிடுவார், இவர் போகமாட்டார். நூலகத்துக்கு மேலே ஒற்றை அறை. கட்டில், மேசை, ஜன்னலில் மூன்று தொட்டிச் செடிகள், சுவரில் கரும்பலகையில் வட்டம் போடுகிற ஒரு பெரிய மர வட்டமானி, அவ்வளவுதான். அலமாரியைத் திறந்தால் புடவைகளைவிட சாக்பீஸ் டப்பாக்கள் அதிகம். இருட்டுகிறவரை அந்த அறை வாசலில் யாராவது ஒரு பிள்ளை கணக்கோடு நிற்பாள்.

எனக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். சாயங்காலம் அவர் அறையில் டீ. நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார். உலகத்தில் இப்படி என் பேச்சை மதித்துக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் நான் பேசத் தொடங்கினால் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வார். "உங்களோட பேசறதுதான் எனக்குச் சுகம் வார்டனம்மா" என்று டீச்சர் சொன்னபோதெல்லாம் என் பேச்சில் அப்படி ஒரு ரசனை இருக்கிறதாக்கும் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அவர் வகுப்பில் எல்லாமே வித்தியாசமாக இருக்கும். பதில் சொல்லும் பிள்ளை இருந்த இடத்தில் இருந்து பேசமாட்டாள். எழுந்து, ஜன்னல் பக்கம் இரண்டு எட்டு வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி டீச்சரைப் பார்த்து நின்று, நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள். வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பது கிடையாது. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கே பேசுவது கிடையவே கிடையாது. டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாருக்காவது சந்தேகம் வந்தால், முன்வரிசையில் இருப்பவள் டீச்சர் நிற்கும் மர மேடையைக் காலால் ஒரு அழுத்து அழுத்துவாள். டீச்சர் உடனே திரும்புவார். மற்ற வகுப்புகளில் சந்தைக்கடை இரைச்சல் போடுகிற அதே கழுதைகள்தான்! இங்கே வந்தால் மட்டும் இப்படி. "என்ன மாயம் டீச்சர் பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை. "நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல வார்டனம்மா. கணக்கு படிச்சா ஒழுங்கு தானா வந்துடும்" என்பார். நானும் நம்பினேன்.

அந்த வருடம் பள்ளிக்கூட ஆய்வாளர் வந்தார். வருடா வருடம் வருகிறவர் ஓய்வு பெற்றுவிட, இவர் புதிது. நல்ல உயரம், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். ஆனால் மீசை! மூக்குக்குக் கீழே தொடங்கி மேலுதட்டை முழுங்கி, கீழுதட்டின் மீதும் கொஞ்சம் குடிவந்த மீசை. அவர் காலைக் கூட்டத்தில் பேசினபோது குரல் வந்தது, வாய் எங்கே என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கூடத்தில் நான் சுற்றி வருகிறேன், கடைசி மேசையில் நாலைந்து பெரிய பிள்ளைகள் தட்டில் கை வைக்காமல் குசுகுசுவென்று பேசுகிறார்கள். "மீசைடி, ஒண்ணுமே தெரியாது", "கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போயிடலாமா" என்று காதில் விழுந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கு வந்த பெரிய மனுஷரைக் கேலி செய்கிறார்களே!

"யாருடி அங்கே மீசையைப் பத்திப் பேசறது? எழுந்து நில்லுங்க!"

எழுந்தார்கள். அவர்களில் நெட்டையானவள், எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவள், அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கால் எலும்பு முறிந்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வெராண்டாவுக்கு அழைத்துப்போய், "என்னடி கண்ணு, என்ன விஷயம்?" என்றேன்.

"நாளைக்குக் கணக்கு வகுப்புக்கு அவர் வர்றார் வார்டனம்மா. டீச்சருக்கு அவர் பேசறது தெரியாது."

"ஏன் தெரியாது? அவர் என்ன வேத்து மொழியா பேசறார்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? டீச்சருக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம்."

"எப்படிடி கண்டுபிடிச்சீங்க?" என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பல வருடங்களுக்கு முன்னால் படித்த ஒருத்திக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள். டீச்சர் முகம் வெளிறி, "திரும்பச் சொல்லு", "திரும்பச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கையை எடுத்ததும் சட்டென்று புரிந்துகொண்டார். அந்த வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் போனார்கள், மேடையை அழுத்தினார்கள். தாங்கள் போகும்போது அடுத்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அப்படியே கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

"புதுசா சேர்றவங்களுக்கு வழக்கத்தை மட்டும்தான் சொல்வோம். காரணம் சொல்லமாட்டோம், அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுடுவோம். டீச்சருக்கும் தெரியாது வார்டனம்மா, எங்களுக்குத் தெரியும்னு. தெரிஞ்சா சங்கடப்படுவாங்க. ஆய்வாளர் கண்டுபிடிச்சுட்டா வகுப்பை எடுத்துடுவாங்க. அப்புறம் டீச்சர் எங்க போவாங்க?"

எந்த வகுப்பிலும் அடங்கி உட்காராத, சதா ஓடிக்கொண்டிருக்கிற இந்தப் பொடிசுகள், வீட்டை விட்டு வந்து கட்டிலோடு கட்டில் ஒட்டித் தூங்குகிற இந்தப் பிள்ளைகள், வருடக்கணக்காக ஒரு மனுஷியைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றுகிறோம் என்று அவருக்கே தெரியாமல். என்னோடு பேசுவதுதான் சுகம் என்று டீச்சர் ஏன் சொன்னார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் அவர் காதில் இன்னும் கொஞ்சமாவது விழுகிற ஒரே குரல் என்னுடையது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் ஆய்வாளருக்கு நாற்காலி போடுகிற சாக்கில் நானும் வகுப்புக்குள் நுழைந்து பின்னாலேயே நின்றுவிட்டேன். வானம் வேறு மூடிக்கிடந்தது. பிள்ளைகள் ஜன்னல் கதவுகளைச் சுவரோடு சுவராகத் திறந்துவைத்திருந்தார்கள். டீச்சர் வட்டமானியால் பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, விட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். ஆய்வாளர் கடைசி வரிசையிலிருந்து, "டீச்சர், ஒரு நிமிஷம்" என்றார்.

ஒட்டகத்தின் கால் மேடையை அழுத்தியது. டீச்சர் திரும்பினார்.

ஆய்வாளர் ஏதோ கேட்டார். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். இன்னும் உற்றுப் பார்த்தார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கண்களில் பயத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் கத்தியாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஒட்டகம் எழுந்து ஜன்னலருகே போய்விட்டாள். டீச்சரைப் பார்த்து நின்று, கணீரென்று சொன்னாள். "சார் கேக்கற கேள்வி இதுதான். வட்டத்துக்குள்ள வரையற முக்கோணத்துக்கு ஒரு பக்கம் விட்டமா இருந்தா, அதுக்கு எதிர்ல இருக்கற கோணம் எப்பவும் செங்கோணம்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

டீச்சரின் தோள் இறங்கியது. "யார் சொல்றீங்க?" என்றார். ஒருத்தி பலகைக்கு வந்தாள். வட்டத்தின் மையத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, முக்கோணத்தை இரண்டாக உடைத்து, படிப்படியாக முடித்துக் காட்டினாள். ஆய்வாளர் அடுத்த கேள்வி கேட்டார். இன்னொருத்தி எழுந்து ஜன்னலுக்குப் போய், "சார் கேக்கற கேள்வி இதுதான்" என்று தொடங்கினாள். அதற்கடுத்து இன்னொருத்தி. யாரும் யாரையும் பார்த்துக் கண்ணடிக்கவில்லை, சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து இப்படித்தான் படிக்கிறோம் என்பதுபோல் நின்றார்கள். நடுவில் ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க காத்தே வரலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வருடம்தான் அந்த வகுப்பில் சேர்ந்த, குண்டூசி என்று பெயர் வாங்கிய குட்டைப் பெண் எழுந்து ஜன்னலுக்கு ஓடி, "சார் கேக்கறது, இங்க காத்தே வரலையே!" என்று முழங்கிவிட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆய்வாளரும் சிரித்தார்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை அறையில் கூடினோம். யாரும் அழைக்காமலே நானும் போய் டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டேன். வெளியே வெராண்டாவில் அந்த வகுப்பு முழுக்கச் சுவரோடு பல்லியாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் பார்த்த பள்ளிகள்ல இப்படி ஒரு வகுப்பு கிடையாது" என்றார் ஆய்வாளர். "கேள்வியைத் திருப்பிச் சொல்லிட்டுப் பதில் சொல்ற வழக்கம் பிரமாதம். எல்லாப் பள்ளிகளுக்கும் பரிந்துரை பண்ணப்போறேன்."

நான் சைரனைப் போட்டேன். "டீச்சர்! கேள்வியைத் திருப்பிச் சொல்ற உங்க வழக்கத்தை சார் பாராட்டறார்! எல்லாப் பள்ளிக்கும் சொல்லப்போறாராம்!"

தலைமையாசிரியை காதைப் பொத்திக்கொண்டார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் செய்முறை டீச்சர் ஆயிற்றே!

"அப்படி ஒரு வழக்கம் என் வகுப்புல கிடையாது சார். இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."

"அப்போ பிள்ளைங்க ஏன் அப்படிப் பண்ணாங்க?" ஆய்வாளர் கேட்ட இதையும் நான்தான் கத்திச் சொன்னேன்.

"அதைத்தான் யோசிக்கறேன்." அவர் மேசை விளிம்பில் விரலை வைத்துக் கோடு போடுவதுபோல் இழுத்தார். "கணக்குல மாதிரி முதல்ல கொடுத்திருக்கறதைச் சொல்லிடறேன். எனக்குக் காது கேக்காது சார். பல வருஷமா கேக்கல. உதட்டைப் பார்த்துப் படிச்சுக்கறேன். உங்க மீசை உதட்டை மறைக்குது, அதனால நீங்க கேட்டது எனக்குப் புரியல. இது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்."

ஆய்வாளரின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"ஆனா பிள்ளைங்க எனக்குத் தெரியற மாதிரி நின்னு சொன்னாங்க. அப்படின்னா மீசை மறைக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும். அது தெரியணும்னா, நான் உதட்டைப் பார்க்கறேன்னு தெரியணும். அது தெரியணும்னா..." விரல் நின்றது. "வார்டனம்மா, ஜன்னல்? ஜன்னல்கிட்ட போய் நிக்கறது?"

நான் தலையை ஆட்டினேன்.

"மேடையை அழுத்தறது? ஒருத்தி பேசறப்ப இன்னொருத்தி பேசாம இருக்கறது? அதெல்லாம் ஒழுங்கு இல்லையா? எல்லாமே எனக்காகவா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் பக்கம் திரும்பி அந்த முகங்களையெல்லாம் பார்த்தார். கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்த குழந்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அப்படிப் பார்த்தார். "எத்தனை பிள்ளைங்க" என்றார். "எத்தனை வருஷத்துப் பிள்ளைங்க!"

உண்மையைச் சொன்னதற்குப் பலன் உடனே கிடைத்தது. இதை மேலிடத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது, முடிவு வரும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த மனுஷரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

பதிலுக்கு வந்த வாத்தியாரம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "கேள்வி கேட்டா ஏன் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடறீங்க? யார் மேடையை உதைக்கறது?" என்று அவர் கத்துவது விடுதிவரை கேட்டது. பிள்ளைகள் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். உடம்பில் ஊறிவிட்டது.

டீச்சர் தம் அறையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி வரச்சொல்லியிருந்தார். பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் மொத்தமாகப் படியேறி வந்தார்கள். அறை கொள்ளவில்லை, படிக்கட்டிலும் நின்றார்கள். அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாரும் என்கிட்ட விடையை மட்டும் காட்டியிருக்கீங்க. செய்முறை எங்கே? எனக்குக் காது கேக்காதுன்னு யார் யார் எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒருத்தி, பட்டாம்பூச்சி மாதிரி ஒரு அந்துப்பூச்சி டீச்சர் முகத்துக்கும் தனக்கும் நடுவில் பறந்தபோது பாதிப் பதில் டீச்சருக்குப் போய்ச் சேரவில்லை என்றாள். ஒருத்தி, வெளியே கிளை முறிந்து விழுந்தபோது வகுப்பே துள்ளியது, டீச்சர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார் என்றாள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும், "சரி", "இது போதாது, வேற காரணமும் இருக்கலாம்", "இது நல்ல செய்முறை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் மதிப்பெண் போடுகிறது. இப்படி ஒரு வகுப்பை நான் எங்கே காண்பேன்!

கடைசியில் குண்டூசி. ஜன்னலோரம் வந்து வெளிச்சத்தில் நின்றாள். திருதிருவென்று விழித்தாள்.

"எனக்குத் தெரியவே தெரியாது டீச்சர். அன்னிக்கு நீங்க சார்கிட்ட சொன்னப்பதான் தெரிஞ்சுது. பேசறதுன்னா இப்படித்தான் பேசணும்னு நினைச்சேன். லீவுக்குப் போனப்போ வீட்லயும் இப்படித்தான் பேசினேன். ஜன்னல்கிட்ட போய், அம்மா முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி. அம்மா வேலையை விட்டுட்டு உக்காந்து கேட்டாங்க."

டீச்சர் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் மதிப்பெண் போடவில்லை.

பெட்டிக்கு நான் பூட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில் நூலகப் படிக்கட்டில் காலடி கேட்டது. தலைமையாசிரியை முன்னால் வந்தார். பின்னால் ஒரு உயரமான ஆள். யார் இந்த ஆள் என்று விழித்தேன். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் தோல் வெயில் படாத வெளுப்பாக இருந்தது. ஆத்தாடி! மீசையைக் காணோம். ஆய்வாளர்!

அவர் என்னிடம் பேசவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை. நேரே செடிகள் இருக்கும் ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னார். அதனால் எனக்கே உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

"மேலிடத்துல சம்மதிச்சுட்டாங்க. திங்கட்கிழமை வகுப்புக்கு வாங்க டீச்சர். கேள்வியைத் திருப்பிச் சொல்ற வழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க."

டீச்சர் அசையவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்றார்.

ஐயோ, புரியவில்லையோ என்று எனக்குப் பதறிவிட்டது. "டீச்சர்! சார் என்ன சொல்றாருன்னா..." என்று தொடங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "புரிஞ்சுது வார்டனம்மா. இன்னொரு தரம் பார்க்கணும் போல இருக்கு."

ஆய்வாளர் இன்னொரு தரம் சொன்னார்.